வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாய்

கேள்வி: திருவிழாவில் வெடி வெடித்தாலே எங்கள் நாட்டு நாய் கட்டிலுக்கடியில் புகுந்து நடுங்குகிறது. தடவிக்கொடுத்தால் பயம் இன்னும் கூடும் என்கிறார் என் மாமனார். உண்மையா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: பலரும் நம்புவதுதான், ஆனால் சரியன்று. பயம் என்பது குறும்பைப் போல ஊக்குவித்தால் வளரும் பழக்கமன்று. ஆகவே உங்களிடம் ஒண்டி வந்தால் தாராளமாகத் தடவிக்கொடுக்கலாம். ஒளிந்த இடத்திலிருந்து இழுத்து வெளியே விடுவதுதான் கெடுதல். மனிதச் செவிக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வுகள்) வரையுள்ள ஒலியே எட்டும். நாய்க்கோ 45,000 வரை எட்டும் என்பதால், நமக்குத் திருவிழாவாக இருப்பது அதற்கு வேறொன்றாக இருக்கிறது. வெயிலே இல்லாதபோது மூச்சிரைப்பது, உதட்டை நக்குவது, தூக்கக் கலக்கம் இல்லாதபோதும் கொட்டாவி விடுவது ஆகியவை நடுக்கத்துக்கு முன்பே தெரியும் அறிகுறிகள். அப்போதே சன்னலைச் சாத்தி, மின்விசிறியை ஓடவிடுங்கள். திருவிழாவுக்குப் பல வாரங்கள் முன்பிருந்தே, கைப்பேசியில் பதிந்த வெடிச் சத்தத்தை, நாய் காதை மட்டும் அசைக்கும் அளவுக்கு மெதுவாக ஒலிக்கச் செய்து, ஒவ்வொரு முறையும் வேகவைத்த கோழித் துண்டொன்றைக் கொடுத்து, நாள்பட நாள்பட ஒலியைக் கூட்டுங்கள். தின்ன மறுத்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். மனிதர்களுக்கான தூக்க மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்; மருந்து தேவையா என்பதைக் கால்நடை மருத்துவரே முடிவு செய்யட்டும்.