கோழிகளுக்கான தீனித் தொட்டியும் தண்ணீர் டப்பாவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஊறுகாய் வாளியில் தண்ணீர் டப்பா செய்தேன். காலையில் சரியாக இருக்கிறது, மதியம் தட்டு நிரம்பி வழிகிறது. ஏன்?

வாளி வெயிலில் நிற்கிறது. பாதி காலியான வாளிக்குள் இருக்கும் காற்று சூடேறி விரிந்து தண்ணீரை வெளியே தள்ளுகிறது. நிழலுக்கு மாற்றுங்கள். காலையிலேயே வழிந்தால்தான் மூடியைப் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசல் இருந்தாலும் காற்று புகுந்து மொத்தத் தண்ணீரும் இறங்கிவிடும். வாளியிலிருந்து தட்டுக்குத் தண்ணீர் இறங்கும் துளை, தட்டின் விளிம்பைவிட முக்கால் அங்குலமாவது கீழே இருக்கட்டும்.

பூச்சிமருந்து கேனை சோப்புப் போட்டு மூன்று முறை கழுவிவிட்டேன். தண்ணீர் வைக்கலாமா?

கூடாது. முப்பது முறை கழுவினாலும் கூடாது. பிளாஸ்டிக்கில் ஊறிய மருந்து சோப்புக்குப் போகாது. அந்தத் தண்ணீரைக் குடித்த கோழியின் முட்டையை உங்கள் வீட்டுக் குழந்தைதான் சாப்பிடப்போகிறது. வேறு யாரும் எடுத்துப் புழங்காதபடி கேனில் ஓட்டை போட்டுவிடுங்கள்.

பி.வி.சி. பைப்பில் தீனி இறங்காமல் அடைத்துக்கொள்கிறது.

பைப்பின் அளவை எழுதவில்லை. 2 அங்குலமாக இருந்தால் அடைக்கத்தான் செய்யும், தூள் தீவனத்துக்கு அது போதாது. 4 அங்குலப் பைப்பை இரண்டடி நீளத்துக்கு நிறுத்தினால் ஏறக்குறைய 3 கிலோ பிடிக்கும். மழைக்காலத்தில் மேல் மூடி அவசியம். ஈரம் பட்டுக் கட்டி பிடித்த தீவனத்தைக் காயவைத்துப் போடலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். போடாதீர்கள். வெயிலில் காய்ந்தாலும் பூஞ்சையின் நஞ்சு போகாது.

5 வாரக் குஞ்சுகள். ரத்தக் கழிச்சலுக்கு இரண்டு முறை மருந்து கொடுத்தும் திரும்ப வருகிறது. தண்ணீர் டப்பாவைச் சுற்றி மட்டும் கொஞ்சம் ஈரம் இருக்கும், மற்றபடி கொட்டகை சுத்தம்.

அந்தக் "கொஞ்சம் ஈரம்"தான் உங்கள் நோய். பல வருடங்களாக இதையே சொல்லி வருகிறேன், இன்னொரு முறையும் சொல்கிறேன். எச்சத்தோடு வெளியே வரும் ரத்தக் கழிச்சல் கிருமியின் முட்டை உடனே யாரையும் தாக்காது. அது முதிர ஈரமும் சூடும் காற்றும் வேண்டும். மூன்றும் கிடைத்தால் இரண்டு நாளில் தயார். உங்கள் கொட்டகையில் மூன்றும் சேர்ந்திருக்கும் இடம் டப்பாவின் அடி. குஞ்சுகள் நாள் முழுக்க நின்று கொத்துகிற இடமும் அதுவே. மருந்து குடலுக்குள் இருப்பதைத்தான் கொல்லும், தரையில் இருப்பதைத் தொடாது. பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் அந்த முட்டையின் ஓட்டைத் துளைக்காது.

மருந்துக்குச் செலவழித்ததில் கொஞ்சம் எடுத்து ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு சட்டம் அடியுங்கள். மேலே அரை அங்குலக் கம்பி வலை, நான்கு மூலையிலும் செங்கல். டப்பாவை அதன் மேல் வையுங்கள். சிந்துகிற தண்ணீர் வலைக்கு அடியில் போய்விடும், பக்கவாட்டை அடைத்துவிட்டால் குஞ்சின் அலகு அங்கே எட்டாது. வாரம் ஒருமுறை தட்டின் விளிம்பைக் குஞ்சின் முதுகு மட்டத்துக்கு உயர்த்துங்கள். தாழ்வாக இருந்தால் அதில் ஏறி நின்று சிந்தும், எச்சமும் போடும். நனைந்த கூளத்தை அன்றன்றே அள்ளிவிட்டுக் காய்ந்த உமி போடுங்கள். ஒரு பிடி கூளத்தைக் கையில் அழுத்திப் பாருங்கள். உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் மாற்ற வேண்டும். கால்நடை மருத்துவர் சொன்ன நாள்கணக்கு முடியும்வரை மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

என் கோழிகள் தீனியை இறைக்கின்றன. என்ன செய்வது?

எத்தனை கோழி, என்ன வயது, என்ன தொட்டி, ஒன்றும் எழுதாமல் கேட்டால் எப்படி? பொதுவாகச் சொல்கிறேன். தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். விளிம்பு முதுகு மட்டத்தில் இருக்கட்டும்.

20 பெட்டைக்கு எவ்வளவு நீளத் தொட்டி?

ஒன்றுக்கு 10 செ.மீ. இரண்டு பக்கமும் நின்று தின்னும்படி இருந்தால் ஒரு மீட்டர் போதும்.

பேசினில் வைத்த தண்ணீரில் இரண்டு குஞ்சுகள் மூழ்கிவிட்டன.

குஞ்சுக்குத் திறந்த பேசின் வைக்கவே கூடாது. வேறு வழியில்லாத நாளில் கூழாங்கல்லை நிரப்பி, இடுக்கில் தண்ணீர் தெரிகிற அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள்.

வெள்ளைக் கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பு மருந்தை இதே டப்பாவில் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், பிளாஸ்டிக் என்பதால் நல்லதும்கூட. ஆனால் முந்தின நாளே டப்பாவை வெறும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் மருந்தில் இருக்கும் உயிர்க்கிருமியைச் செத்துப்போகச் செய்யும். கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலந்து, அப்புறம் மருந்தைச் சேருங்கள். அதற்கு முன் ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீர் வைக்காமல் இருந்தால் தாகத்தில் எல்லாக் கோழியும் குடிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும் அளவுக்குத்தான் கலக்க வேண்டும். டப்பா நிழலில்.