திக்னஸ் பிளேனர் வாங்கும் முன்: கேள்விகளும் பதில்களும்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் மெஷின் ஷாப்பில் இருபது ஆண்டுகள் இரும்பைச் சீவினேன். இப்போது காவேரிப்பட்டணத்தில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு மரத்தைச் சீவிக்கொண்டிருக்கிறேன். பலகையை உள்ளே இழுத்து, சுழலும் கத்திகளால் மேல்முகத்தைச் சீவி, ஒரே கனத்துக்குக் கொண்டுவரும் மெஷின்தான் திக்னஸ் பிளேனர். அதைப் பற்றி வந்த கேள்விகள் கொஞ்சம் சேர்ந்துவிட்டன. ஒரே மூச்சில் பதில் எழுதிவிடுகிறேன்.

பர்கூரிலிருந்து ஒரு விவசாயி: ஐயா, தோப்பில் சாய்ந்த பெங்களூரா மாமரத்தை அறுத்து, ஓராண்டு நிழலில் அடுக்கி வைத்தோம். எட்டு அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலக் கனம். இப்போது பார்த்தால் சில பலகைகள் குழிந்திருக்கின்றன, சில முறுக்கிக்கொண்டன. பிளேனரில் விட்டால் நேராகிவிடும் அல்லவா?

ஆகாது. இந்தக் கேள்வியை முதலில் வைத்ததே அதனால்தான். உள்ளே இருக்கும் இரண்டு உருளைகள் பலகையை அழுத்திப் பிடித்து இழுக்கும். அழுத்தும்போது முறுக்கு அமுங்கிவிடும். மேல்முகம் சீவப்படும். வெளியே வந்ததும் பலகை பழையபடி முறுக்கிக்கொள்ளும். கடைசியில் உங்கள் கையில் இருப்பது எல்லா இடத்திலும் ஒரே கனமுள்ள, வழவழப்பான முறுக்குப் பலகை.

முதலில் ஒரு முகம் சமமாக வேண்டும். அதற்கென உள்ளது சர்ஃபேஸ் பிளேனர். அது இல்லையென்றால் இழைப்புளி. அதற்கும் கை பழகவில்லையென்றால் ஒரு வழி உண்டு. பலகையைவிடச் சற்று நீளமான 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றைத் தட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி பலகையை அதன்மேல் வைத்து, நான்கு மூலைகளையும் விரலால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று ஆடும் மூலைக்கு அடியில் மெல்லிய ஆப்பு செருகி, சூட்டுப் பசையால் ஒட்டுங்கள். தட்டின் முன்முனையில் அரை அங்குல உயரத்தில் ஒரு தடுப்புச் சட்டம் அடியுங்கள். தட்டோடு சேர்த்து மெஷினில் விட்டால் மேல்முகம் சமமாகும். பிறகு தட்டை எடுத்துவிட்டு, சமமான முகம் கீழே இருக்க, மறுமுகத்தைச் சீவுங்கள். இனி இரு பக்கமும் மாற்றி மாற்றி ஒரே அளவு சீவ வேண்டும். ஒரே பக்கத்தில் சீவிக்கொண்டே போனால் பலகை இரவோடு இரவாக மறுபடி வளையும்.

இன்னொன்று. நீளப் பலகையை அப்படியே சமமாக்கப் பார்க்காதீர்கள். நாலடிப் பலகையில் நாலு நூல் (அரை அங்குலம்) முறுக்கு இருந்தால், இரண்டாக வெட்டியதும் ஒவ்வொன்றிலும் இரண்டு நூல்தான் மிஞ்சும். வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொண்டு, பிறகு சீவுங்கள். உங்கள் ஒன்றேகால் அங்குலம் ஒரு அங்குலமாக வெளியே வந்தால் அதிர்ஷ்டம். மாங்காய்ப் பால் பட்டுப் புண்ணாகும் உடம்பு என்றால் மாமரத் தூளும் சேராமல் போகலாம். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

தர்மபுரியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர்: மேசைமேல் வைக்கும் மாடல்களில் எதைப் பார்த்து வாங்குவது? வாட்டா, அகலமா?

இரண்டையும்விட, ஒரு மில்லிமீட்டரில் கத்தி எத்தனை முறை வெட்டுகிறது என்று பாருங்கள். வழவழப்பு அதில்தான் இருக்கிறது. மகிட்டா 2012என்பி-யை எடுத்துக்கொள்வோம். 304 மில்லிமீட்டர் அகலம், இரண்டு கத்தி, நிமிடத்துக்கு 8,500 சுற்று, பலகை நகரும் வேகம் நிமிடத்துக்கு 8.5 மீட்டர். கணக்குப் போட்டால் மில்லிமீட்டருக்கு இரண்டு வெட்டு. டிவால்ட் டிடபிள்யூ735-இல் மூன்று கத்தி, இரண்டு வேகம். அங்குலத்துக்கு 96 அல்லது 179 வெட்டு, அதாவது மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய நான்கு அல்லது ஏழு. வேப்பமரம் போல நார் இப்படியும் அப்படியும் பின்னிக்கொண்டு ஓடும் மரத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தேக்கில் அவ்வளவு தெரியாது. ஆனால் தேக்கில் இருக்கும் சிலிக்கா கத்தியை மழுங்கடிக்கும். அதனால் மாற்றுக் கத்தி உள்ளூரில், குறைந்தது பெங்களூரிலாவது கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

ஆசிரியர் ஐயா, ஆண்டுக்கு ஒரு கட்டில், இரண்டு ஸ்டூல் செய்பவர் என்றால் வாங்கவே வேண்டாம் என்பேன். மர மில்லில் கூலி கொடுத்து இழைத்து வாங்கிக்கொள்வது மலிவு.

பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து: எங்கள் ஊரில் மாலையானால் வோல்டேஜ் 190-க்கு இறங்கிவிடுகிறது. கொட்டகை வீட்டிலிருந்து நூறடி தள்ளி இருக்கிறது. ஓடுமா?

ஓடும், ஆனால் அழுதுகொண்டே ஓடும். 1,650 வாட் மெஷின் 230 வோல்ட்டில் ஏழு ஆம்பியர் இழுக்கும். நூறடி என்றால் கம்பி போய் வர இருநூறடி, அதாவது 60 மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் வழியிலேயே ஏழெட்டு வோல்ட் தொலைந்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்றால் மூன்று வோல்ட்தான். எனவே தடித்த ஒயர், 16 ஆம்பியர் சாக்கெட், நல்ல எர்த். சுருட்டிய ஒயரைச் சுருட்டியபடியே வைத்து ஓட்டாதீர்கள், சூடேறி உருகும். வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். போர் மோட்டார் ஓடும் நேரத்தில் அகலப் பலகையை உள்ளே விடாதீர்கள்.

ஓசூரிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, என் அண்ணன் அமெரிக்காவிலிருந்து பொங்கலுக்கு வருகிறார். அங்கிருந்து கொண்டு வரச் சொல்லட்டுமா?

டிவால்ட் 735-இன் எடை 42 கிலோ. அண்ணன் தன் துணிமணியைக் கையில் பிடித்துக்கொண்டு வர வேண்டியதுதான். அங்கே அது 120 வோல்ட் மெஷின் வேறு. இங்கே ஓட்ட 3 கேவிஏ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும். வேண்டாம் தம்பி. இங்கே வாங்கும் மெஷினுக்குப் பொருந்தும் கத்தி செட் மட்டும் கொண்டு வரச் சொல்லுங்கள்.

பாலக்கோட்டிலிருந்து: புதிதாக வாங்கினேன். ஒவ்வொரு பலகையிலும் முனையில் இரண்டங்குலத்துக்கு லேசாகப் பள்ளம் விழுகிறது. மெஷின் பழுதா?

பழுது இல்லை. எல்லா மெஷினுக்கும் கொஞ்சம் உள்ள வியாதி. முனை உள்ளே போகும்போதும் வெளியேறும்போதும் ஒரே ஒரு உருளைதான் பலகையைப் பிடித்திருக்கிறது. அந்த நேரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மறுமுனை தொங்கினால், உள்ளே இருக்கும் முனை எழும்பிக் கத்தியில் இடிக்கிறது. முன்னும் பின்னும் உள்ள தாங்கு தட்டுகளின் வெளி ஓரத்தை ஒரு தாள் கனத்துக்கு உயர்த்துங்கள். பலகையின் வாலை உள்ளே போகும்போதும் தலையை வெளியே வரும்போதும் சற்றே தூக்கிக்கொடுங்கள். அப்படியும் விழுந்தால், ஒவ்வொரு பலகையிலும் நாலங்குலம் கூடுதலாக விட்டு, கடைசியில் அறுத்தெறியுங்கள். நான் இன்றுவரை செய்வது இதைத்தான்.

காரிமங்கலத்திலிருந்து: இடித்த பழைய வீட்டின் தேக்கு உத்தரங்கள் கிடைத்தன. பிளேனரில் விடலாமா?

ஆணி பார்த்துவிட்டு விடுங்கள். நான் பட்டதைச் சொல்கிறேன். பழைய கதவுச் சட்டம் ஒன்றில் தெரிந்த ஆணிகளையெல்லாம் பிடுங்கிவிட்டேன். தலை முறிந்த ஆணி ஒன்று, சுண்ணாம்பு அப்பிய ஓட்டைக்குள் இருந்திருக்கிறது. 'கிர்ர்' என்று ஒரு சத்தம், ஒரு பொறி. அன்று முதல் நான் சீவிய ஒவ்வொரு பலகையின் மேலும் நீளவாக்கில் ஒரு மயிரிழை மேடு ஓடியது. எல்லாக் கத்திகளிலும் ஒரே இடத்தில் பல் விழுந்திருந்தது. கத்திகளில் ஒன்றை மட்டும் பக்கவாட்டில் அரை மில்லிமீட்டர் நகர்த்தியதும் மேடு மறைந்தது. ஒரு கத்தி விட்டதை மற்றது சீவிவிடும். ஆனால் எல்லா மெஷினிலும் நகர்த்த இடம் இருக்காது. கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டர் ஒரு செட் கத்தியைவிட மலிவு. மண்ணையும் சுண்ணாம்பையும் கம்பி பிரஷால் சுரண்டிவிட்டு, அதன் பிறகு விடுங்கள்.

ஊத்தங்கரையிலிருந்து: கையில் பிடித்து இழைக்கும் 82 மில்லிமீட்டர் எலெக்ட்ரிக் பிளேனர் போதாதா?

கதவு ஓரம் உராய்வதைச் சீவப் போதும். எட்டு அங்குலப் பலகையில் ஓட்டினால் வரப்பு வரப்பாக வரும்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: ஒரு பட்டறையில் பழைய வார்ப்பிரும்பு சர்ஃபேஸ்-கம்-திக்னஸ் (இரண்டு வேலையும் செய்யும் பிளேனர்) விலைக்கு வருகிறது, மூன்று ஃபேஸ். ஃபர்னிச்சர் செய்து விற்கும் எண்ணமும் இருக்கிறது.

எனக்கே ஆசையாக இருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கத்திகள் பொருத்திய வெட்டு உருளையைக் கையால் சுற்றிப் பாருங்கள். பேரிங்கில் கரகரப்பு இருந்தால் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். மேசைமேல் நேரான இரும்பு அளவுகோலைக் குறுக்காக வைத்து, அடியில் வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். கத்திக்கு மேல் காப்பு மூடி இல்லையென்றால் அதை முதலில் செய்துபோடுங்கள். சர்ஃபேஸ் பிளேனரில் விரல் இழந்த ஆசாரிகளை நான் பார்த்திருக்கிறேன். விற்பதற்குச் செய்வதென்றால் வீட்டு மின் இணைப்பில் ஓட்டாதீர்கள். இணைப்பு வாங்கிய காரணத்துக்கு அல்லாமல் வேறு வேலைக்கு மின்சாரம் எடுத்தால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் கணக்குப் போட்டு வசூலிப்பார்கள்.

அரூரிலிருந்து ஒரு அம்மா: என் மகன் வாங்கிவிட்டான். சத்தத்தில் காது போகிறது. தினம் இரண்டு மூட்டை சீவல் சேர்கிறது. அதை என்ன செய்வது?

காதுக்கு மூடி வாங்கித் தரச் சொல்லுங்கள் அம்மா, உங்களுக்கும் ஒன்று. அவனுக்கு முகக்கவசமும் வேண்டும். மரத்தூளைப் புற்றுநோய் வருவிக்கும் பொருள்களில் உலக சுகாதார அமைப்பின் ஆய்வு நிறுவனம் சேர்த்திருக்கிறது. சீவல் கோழிக் கூண்டில் பரப்ப நல்லது, ஈரத்தை உறிஞ்சும். பழைய பெயின்ட் அடித்த மரம், பிளைவுட் இவற்றின் சீவலை மட்டும் அதில் கலக்கக் கூடாது. எங்கள் வீட்டில் வாரம் ஒரு மூட்டை பக்கத்துக் கோழிப்பண்ணைக்குப் போகிறது, பதிலுக்கு முட்டை வருகிறது.