வீடு வாங்கும்போது புரோக்கர் கமிஷன்: கேட்டதும் சொன்னதும்

வேலூரில் பத்திரம் எழுதுவது என் தொழில். கிரயம் நடக்கும் நாளில் புரோக்கர், பார்ட்டி இருவரும் என் மேஜைக்கு முன்னால்தான் உட்காருவார்கள். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சத்துவாச்சாரியில 60 லட்சத்துக்கு வீடு பேசியிருக்கோம். புரோக்கர் ரெண்டு பர்சென்ட் கேக்குறார். சட்டப்படி இவ்வளவுதான்னு கணக்கு இருக்கா?

கிடையாது. 2016-ல் வந்த ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம், புரோக்கர்கள் முகவர்களாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறதே தவிர, கமிஷன் இவ்வளவு என்று சொல்லவில்லை. நம் பக்கத்து வழக்கம், வாங்குபவரிடம் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம், விற்பவரிடம் தனியாக அதே மாதிரி. உங்கள் வீட்டுக்கு இரண்டு என்றால் 1,20,000 ரூபாய். தொகை பெரிதாகும்போது சதவீதம் குறைய வேண்டும் என்பது என் கட்சி. 15 லட்சம் மனைக்கும் உங்கள் வீட்டுக்கும் அவருக்கு அலைச்சல் ஒன்றுதான். "ஒண்ணுன்னா முடிச்சுக்கலாம்ணே" என்று அட்வான்ஸ் போடுவதற்கு முன்னாடி சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு உங்கள் பேச்சு எடுபடாது.

ரெண்டு பக்கமும் ஒரே ஆளே கமிஷன் வாங்கலாமா?

இருவருக்கும் தெரிந்து வாங்கினால் தப்பில்லை. நான் பயப்படுவது வேறொன்றுக்கு: மேலே வைத்து விற்பது. வீட்டுக்காரர் 46 லட்சம் போதும் என்றிருப்பார். உங்களிடம் 50 என்று சொல்லி, நடுவில் 4 லட்சத்தை ஒதுக்கிக்கொண்டு, அதற்கு மேல் கமிஷனும் கேட்பார்கள். இதற்கு ஒரு அடையாளம் உண்டு. வீட்டுக்காரரோடு உங்களைத் தனியாகப் பேச விடமாட்டார்கள். போன் நம்பர் கேட்டால் "அவர் வெளியூர்ல இருக்கார், எல்லாம் நான்தான்" என்பார்கள். வீட்டுக்காரர் நேரில் உட்கார்ந்து விலையைத் தன் வாயால் சொல்லாமல் ஒரு ரூபாய்கூட டோக்கன் கொடுக்காதீர்கள். கிரய ஒப்பந்தத்திலும் முழு விலையை எழுதுங்கள். சொத்துக்கான அட்வான்ஸ் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். வீட்டுக்காரர் கணக்குக்கே நேராகப் பணம் போனால் இந்த விளையாட்டு பாதி அடங்கிவிடும்.

காட்பாடியில புது அபார்ட்மென்ட். பில்டர்கிட்ட கூட்டிட்டுப் போனவர் எங்ககிட்டயும் கேக்குறார்.

புது பிளாட்டுக்குப் பொதுவாக பில்டரே கொடுத்துவிடுவார். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு முடிவு செய்யுங்கள். 500 சதுர மீட்டரையோ எட்டு வீடுகளையோ தாண்டிய திட்டம் ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். அதை விற்றுத் தரும் முகவருக்கும் பதிவு எண் வேண்டும். பதிவில்லாமல் விற்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். தனி ஆள் விற்கிற பழைய வீட்டுக்கு இதெல்லாம் வராது.

கமிஷன் எப்போ கொடுக்கணும்? அக்ரிமென்ட் அன்னைக்கே பாதி கேக்குறாங்க.

பதிவு முடிந்த அன்றைக்கு. பாதி கேட்பது வழக்கம்தான், ஆனால் வில்லங்கம் பார்த்து கிரயம் நின்றுபோனால் அந்தப் பாதி திரும்பி வந்து நான் பார்த்தது குறைவு. "வில்லங்கம் கிளியர்" என்று புரோக்கர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டு, பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே ஒருமுறை பாருங்கள். பார்க்கக் காசில்லை.

பேங்க் லோன்ல கமிஷனும் சேருமா?

சேராது, கைக்காசுதான். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 60 லட்சத்துக்கு 5,40,000 ரூபாய் தனியாக எடுத்து வைக்க வேண்டும். 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் விலையிலிருந்தே ஒரு சதவீதத்தை வரியாகப் பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். இதைப் புரோக்கர் சொல்லமாட்டார், நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரியும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் கமிஷனுக்கு 18 சதவீதம் போட்டுக் கேட்டால் நியாயம். பதிவே இல்லாதவர் கேட்டால் கொடுக்காதீர்கள். ரசீதைப் பத்திரத்தோடு வையுங்கள். நாளைக்கு வீட்டை விற்கும்போது கொடுத்த கமிஷனையும் வாங்கின விலையோடு சேர்த்துக் காட்டலாம்.

பையன் டெக்சாஸ்ல வீடு பார்க்கிறான். வீடு காட்டறதுக்கே கையெழுத்து கேக்குறாங்களாம். ஏமாத்தறாங்களா சார்?

இல்லை, அங்கே இப்போது அதுதான் முறை. முன்பு விற்பவரே ஐந்து, ஆறு சதவீதம் கொடுப்பார், அதை இரு பக்க ஏஜென்டும் பங்கு போட்டுக்கொள்வார்கள். வழக்கு நடந்து, அங்குள்ள தேசிய ரியல்டர்கள் சங்கம் சமரசத்துக்கு வந்தது. 2024 ஆகஸ்ட் 17 முதல், வீடு காட்டும் முன்பே வாங்குபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். ஏஜென்டுக்கு எவ்வளவு என்பது அதில் தெளிவாக இருக்கும். சட்டம் நிர்ணயித்த தொகை அல்ல, பேசிக் குறைக்கலாம் என்றும் எழுதியிருக்க வேண்டும். விற்பவரிடமே அதைக் கொடுக்கச் சொல்லியும் கேட்கலாம். எத்தனை மாதத்துக்குக் கட்டுப்படுகிறான் என்பதைப் பையனைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு வழக்கம் நம்ம ஊருக்கும் வந்தால் எனக்குச் சந்தோஷம்.

வாலாஜா பக்கத்துல வீடு. 1978 தாய்ப்பத்திரத்துல வட ஆற்காடு மாவட்டம்னு இருக்கு. அதை "மாத்தித் தர" புரோக்கர் தனியா 10,000 கேக்குறார்.

கொடுக்காதீர்கள். வட ஆற்காடு 1989-ல் பிரிந்தது, ராணிப்பேட்டை 2019-ல் தனி மாவட்டமானது. பழைய பத்திரத்தில் மாற்ற எதுவும் இல்லை, அது அப்படியே செல்லும். புதுக் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் இப்போதைய மாவட்டம், வட்டம், சார்பதிவகம் எழுதினால் முடிந்தது. அதை எழுதுகிறவர் வாங்கும் கூலியிலேயே அது அடக்கம்.