செல்லங்களுக்கு ஆபரேஷன்: எதுக்கு ஓடணும், எதுக்குப் பொறுக்கலாம் – கேள்வி பதில்

வணக்கம். நான் நாய் பூனைகளுக்கு ஆபரேஷன் பண்ற கால்நடை டாக்டர். எலும்பு, மூட்டு பக்கம் நான் போறதில்ல, அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க. தோலு, வயிறு, குடல், கர்ப்பப்பை, மூத்திரப்பை, காது, கண்ணிமைன்னு மீதி இருக்குறது பூரா நம்ம கணக்கு, சாஃப்ட் டிஷ்யூ சர்ஜரின்னு பேரு. வந்த கேள்விங்கள ஒரு தடவ படிச்சுட்டேன். பாதிக்கு மேல ஒரே கேள்விதான் வேற வேற சட்டை போட்டுட்டு வந்துருக்கு: "உடனே பண்ணணுமா, கொஞ்ச நாள் பாக்கலாமா?" அதனால முடிஞ்ச வரைக்கும் அதையே முதல்ல சொல்லிடறேன். போட்டோ அனுப்பி இது கேன்சரான்னு கேட்டவங்க மன்னிக்கணும், போட்டோவ வெச்சு அத என்னால மட்டுமில்ல, யாராலயும் சொல்ல முடியாது.

கேள்வி: டாக்டர், எங்க லேப்ரடார் பையனுக்கு 9 வயசு. விலா மேல நெல்லிக்காய் சைஸ்ல மெத்துனு ஒரு கட்டி, தொட்டா வழுக்கிட்டு ஓடுது, வலி இல்ல. "கொழுப்புக் கட்டிதான், விட்டுடுங்க"ன்னு தடவிப் பாத்தே சொல்லிட்டாங்க. விடலாமா?

பதில்: கொழுப்புக் கட்டியாவே இருக்கலாம், வயசான லேப்ல அது சர்வ சாதாரணம். ஆனா தடவிப் பாத்து சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன், என் விரல் மேலயே எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. மாஸ்ட் செல் ட்யூமர்னு ஒண்ணு, நாய்த் தோல்ல வர்ற கேன்சர்ல நாங்க அடிக்கடி பாக்குறது, அதுவும் சில சமயம் இதே மாதிரி மெத்துனு, கொழுப்புக் கட்டி வேஷம் கட்டிட்டு உக்காந்திருக்கும். ஒரு சாதா ஊசி போதும், ரெண்டு நிமிஷ வேல, பெரும்பாலும் மயக்கம் கூட வேணாம். ஊசிய உள்ள விட்டு எடுத்து கண்ணாடி ஸ்லைடுல தெளிச்சோம்னா, கொழுப்பா இருந்தா எண்ணெய்த் துளி மாதிரி மினுமினுன்னு நிக்கும், விசிறினாலும் காயாது. மாஸ்ட் செல்லா இருந்தா, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்ல பாக்கும்போது செல்லுக்குள்ள ஊதா கலர் மணல வாரி இறைச்ச மாதிரி துகள் தெரியும். அந்தத் துகள்ல ஹிஸ்டமின்னு, அலர்ஜியில வீக்கம் உண்டாக்குற சரக்கு இருக்கு, அதனால சில கட்டிங்க ஊசி குத்தின உடனே சிவந்து வீங்கிக்கும், கட்டியே காட்டிக் குடுத்துடும்.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா, வெட்டுற அளவே மாறிடும். கொழுப்புக் கட்டின்னா நடக்க இடைஞ்சல் இல்லாத வரைக்கும் விட்டே வைக்கலாம், எடுத்தாலும் ஒட்டி எடுத்தா போதும். மாஸ்ட் செல்லுன்னா சுத்தி 2 செ.மீ. வரைக்கும் நல்ல தோலையும் அடியில ஒரு தசைப் படலத்தையும் சேத்து எடுக்கறதுதான் வழக்கம். தெரியாம ஒட்டி எடுத்துட்டு அப்புறம் ரிப்போர்ட் வந்து மறுபடி திறந்தா, அந்தத் தழும்பு முழுசையும் சேத்து வெட்டணும், இழுத்து மூடத் தோல் பத்தாது, கால்ல இருந்தா கேக்கவே வேணாம். எடுத்த கட்டிய பயாப்சிக்கு (லேப்ல திசுப் பரிசோதனைக்கு) அனுப்பச் சொல்லுங்க, ஓரத்துல செல் மிச்சம் இருக்கான்னு அதுலதான் தெரியும்.

பூனை வெச்சிருக்குறவங்களுக்கு ஒண்ணு. தடுப்பூசி போட்ட இடத்துல கட்டி வந்து 3 மாசம் தாண்டியும் கரையல, இல்ல 2 செ.மீ.க்கு மேல போயிடுச்சு, இல்ல ஊசி போட்டு 1 மாசம் கழிச்சும் வளந்துட்டே இருக்கு, இதுல எது ஒண்ணு இருந்தாலும் பயாப்சி பண்ணியே ஆகணும்.

கேள்வி: எங்க நாய், 6 வயசு பொண்ணு, கருத்தடை பண்ணல. ஹீட் (இணை சேர்ற பருவம்) முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ரெண்டு நாளா சாப்பிடல, தண்ணிய மட்டும் குடம் குடமா குடிக்கிறா, வயிறு லேசா உப்பலா இருக்கு. கீழ கசிவு எதுவும் இல்ல. ரெண்டு நாள் பாக்கலாமா சார்?

பதில்: இப்பவே கிளம்புங்கம்மா, மீதிய வண்டியில போறப்ப படிங்க. நீங்க சொல்றது அப்படியே பயோமெட்ரா, கர்ப்பப்பைல சீழ். ஹீட் முடிஞ்சு 4லேருந்து 8 வாரத்துலதான் வழக்கமா வரும். கசிவு இல்லன்னு நீங்க நிம்மதியா எழுதியிருக்கீங்க, எனக்கு அங்கதான் வயித்தக் கலக்குது. கர்ப்பப்பை வாய் திறந்திருந்தா சீழ் வெளிய வந்து நமக்குத் தெரிஞ்சிடும், மூடியிருந்தா உள்ளயே தேங்கி ஊதிக்கிட்டே போகும், கிழிஞ்சா வயிறு பூரா சீழ். அந்தத் தாகம் எதனாலன்னா, கிருமியோட நச்சு கிட்னிய தண்ணி சேமிக்க விடாது, மூத்திரமாவே போயிடும், போனத ஈடுகட்டத்தான் குடிச்சுக்கிட்டே இருக்கா.

ஸ்கேன்ல உறுதி பண்ணிட்டு, டிரிப்ஸ், ஆன்டிபயாடிக் போட்டு கொஞ்சம் நிலைக்குக் கொண்டு வந்து, கர்ப்பப்பை சினைப்பை ரெண்டையும் எடுத்துடுவாங்க. சாதாரணமா ஒரு பென்சில் தடிமன் இருக்குற கர்ப்பப்பை இதுல சைக்கிள் டியூப் மாதிரி ஊதி, செவசெவன்னு, கை பட்டாலே கிழியற மாதிரி இருக்கும். அத ரெண்டு கையாலயும் ஏந்தி வெளிய எடுத்து வைக்குற வரைக்கும் தியேட்டர்ல யாரும் வாயத் திறக்க மாட்டோம். மாத்திரையிலயே சரி பண்ண முடியாதான்னு அடுத்து கேப்பீங்க. கர்ப்பப்பை வாய் திறந்த கேஸ்ல, குட்டி போட வெச்சே ஆகணும்னு இருக்குறவங்களுக்கு மருந்து இருக்கு, ஆனா அடுத்தடுத்த ஹீட்ல திரும்ப வர்றது ரொம்ப சகஜம். உங்க கேஸுக்கு அந்தப் பேச்சே வேணாம்.

கேள்வி: அப்ப கருத்தடைய எப்பதான் பண்றது? ஒரு தடவ குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லதுன்னு சொல்றாங்களே?

பதில்: குட்டி போட்டா நல்லதுங்கறதுக்கு எந்த ஆதாரமும் கிடையாது. முதல் ஹீட்டுக்கு முன்னாடியே பண்ணா பால்மடிக் கட்டி வர்ற வாய்ப்பு ரொம்பக் குறையும், ஒவ்வொரு ஹீட் தாண்டத் தாண்ட அந்த லாபம் கரைஞ்சுகிட்டே வரும். மறுபக்கம், பெரிய ஜாதி நாய்ங்கள்ல ரொம்ப சீக்கிரம் பண்ணா மூட்டுப் பிரச்சனை கூடுதுன்னும் பாத்துருக்காங்க, அதனால ஜெர்மன் ஷெப்பர்ட், ரிட்ரீவர் மாதிரி ஆளுங்களுக்கு நான் வளர்ச்சி முடியட்டும்னு கொஞ்சம் தள்ளிப் போடுவேன். பூனைக்கு இந்த யோசனையே வேணாம், 5 மாசத்துக்குள்ள முடிச்சுடுங்க. நாய்க்கு வர்ற பால்மடிக் கட்டில பாதிக்குப் பாதி கெட்டது, பூனைக்கு வந்தா 10ல 8, 9 கெட்டதாத்தான் இருக்கும்.

கேள்வி: பூனைக்குட்டி தையல் நூல முழுங்கிடுச்சு. ஆசன வாய்ல ஒரு விரக்கடை தொங்குது. மெதுவா இழுத்துடவா அண்ணா?

பதில்: தொடாதீங்க! நூலோட ஒரு முனை மேல நாக்குக்கு அடியிலயோ இரைப்பை வாசல்லயோ மாட்டியிருக்கும், மறு முனைய குடல் தள்ளிக்கிட்டே இருக்கும். நாடாவ இழுத்தா துணி சுருங்குமே, அப்படி குடல் பூரா நூல் மேல கொசுவம் கொசுவமா ஏறிக்கும். நீங்க கீழேருந்து இழுத்தா அந்த நூல் ரம்பம் மாதிரி குடல அறுத்துடும். ஒரு தடவ திறந்து பாத்தப்ப குடல் உள்வளைவுல வரிசையா ஊசிக் கண் சைஸ்ல ஓட்டை, எண்ணவே மனசு வரல. (அந்தப் பூனை பிழைச்சுது, இப்ப நல்ல குண்டு.) வீட்ல யாரோ ஒருத்தர் ஆசையா இழுத்துப் பாத்துட்டுத்தான் கூட்டிட்டு வந்தாங்க.

வாந்தி எடுக்க வைக்கவும் முயற்சி பண்ணாதீங்க. நூல் தொங்கி வழியில மாட்டும்னு தோணுச்சுன்னா வெளிய இருக்குறத மட்டும் கத்தரிச்சு விட்டுட்டு கிளம்புங்க. ஊசியும் சேந்து போயிருக்கான்னு தேடிப் பாத்து சொல்லுங்க, எக்ஸ்ரேல தெரிஞ்சுடும், நூல்தான் தெரியாது.

கேள்வி: ஆண் பூனை, 4 வயசு. காலைலேருந்து மண் தட்டுல உக்காந்து முக்கிட்டே இருக்கான், ஒண்ணும் வரல, கத்துறான். மலச்சிக்கலுக்கு ஏதாவது சிரப் சொல்லுங்க.

பதில்: சிரப் வேணாம். ஆண் பூனை முக்குதுன்னா மலச்சிக்கல் கடைசியா நினைக்க வேண்டியது, மூத்திரம் அடைச்சிருக்கும். மூத்திரப்பை கல்லு மாதிரி இறுகி, ரத்தத்துல பொட்டாசியம் ஏறி, இதயம் நின்னு போகும், ஒரு நாள் ரெண்டு நாள்ல முடிஞ்சுடுற விஷயம். இன்னிக்கே போங்க. முதல்ல டியூப் போட்டு அடைப்ப எடுப்பாங்க, ஆபரேஷன் இல்ல. திரும்பத் திரும்ப அடைச்சா மட்டும் குறுகலான நுனிப் பகுதிய எடுத்துட்டு வழிய அகலமாக்குற ஆபரேஷன் ஒண்ணு இருக்கு. அது அடைப்பத்தான் தடுக்கும், உள்ள கல்லு உண்டாகுறத தடுக்காது, சாப்பாடு தண்ணி விஷயத்துல அப்பவும் கவனம் வேணும்.

கேள்வி: பொண்ணுக்கு கருத்தடை பண்ணி 4 நாள். தையலுக்கு அடியில வீக்கம் மாதிரி இருக்கு. நக்காம இருக்க கழுத்துல மாட்டுற கூம்பு காலர் போட்டா சோகமா மூலைல நிக்கிறா, பாவமா இருக்குன்னு கழட்டிட்டேன்.

பதில்: முதல்ல காலர மாட்டுங்க. அவ சோகம் 10 நாள்ல போயிடும். ராத்திரி நீங்க தூங்குற அஞ்சு நிமிஷம் போதும் தையல மொத்தமா பிரிச்சுப் போட, நாய் நாக்கு அவ்ளோ சுறுசுறுப்பு. நக்குனா புண்ணு ஆறும்னு சொல்றவங்க பேச்சக் கேக்காதீங்க.

வீக்கம் மெத்துனு, சூடு இல்லாம, வலி இல்லாம இருந்தா பெரும்பாலும் நீர் கோத்துருக்கும், அதிகமா குதிச்சா வரும், தானா வத்திடும். நாமளே ஊசி போட்டு உறிஞ்ச வேணாம். சிவப்பா, சூடா, நாத்தத்தோட கசிஞ்சா, இல்ல நாளுக்கு நாள் பெருசானா காட்டணும். தையல் விட்டு உள்ளேருந்து கொழுப்போ குடலோ எட்டிப் பாத்தா, உள்ள தள்ளாதீங்க, சுத்தமான ஈரத் துணிய மேல வெச்சு சுத்திட்டு ஓடுங்க. மேல தோல் பாக்க ஒட்டிக்கிட்ட மாதிரி இருந்தாலும் அடி வயித்துச் சுவர் தையல் இறுக இன்னும் நாள் ஆகும், அதனால 10, 14 நாள் வரைக்கும் சோபா ஏறுறது, படி ஓடுறது எதுவும் வேணாம். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்தறதும் வேணாம், புண்ணுல புதுசா வளர்ற செல்லுங்களத்தான் அது முதல்ல கொல்லும்.

குடல் ஆபரேஷன் ஆனவங்களுக்கு மட்டும் தனியா: 3லேருந்து 5ஆம் நாள் வரைக்கும் கண்ணு வெச்சுக்குங்க. குடல் தையல் கசியறதா இருந்தா அந்த நாள்லதான் கசியும். நல்லா சாப்பிட்டுட்டு இருந்தது திடீர்னு சோந்து படுத்து, வாந்தி, காய்ச்சல்னா விடியட்டும்னு இருக்காதீங்க.

கேள்வி: வலிக்குதுன்னு நாங்க போடற பாராசிட்டமால் கால் மாத்திரை குடுக்கலாமா? பூனைக்கு.

பதில்: கூடவே கூடாது. பூனை ஈரலுக்கு அத முறிக்கிற வேதியியல் போதாது, சின்ன அளவே கொன்னுடும். நாய்க்கு ஐபுப்ரோஃபென் குடுத்து இரைப்பை ஓட்டையாகி வர்றதும் இருக்கு. வலி மருந்து டாக்டர் குடுத்தது மட்டும்.

கேள்வி: எங்க கிட்ட கிரேட் டேன் இருக்கா. கருத்தடை பண்றப்ப வயித்தையும் சேத்து தச்சுடலாம்னு சொல்றாங்க. காசு பிடுங்கற வேலையா?

பதில்: இல்லீங்க, நானா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள பெரிய நாய்ங்களுக்கு இரைப்பை காத்து அடைச்சு அப்படியே முறுக்கிக்கும். வாந்தி எடுக்கப் பாக்கும், நுரையத் தவிர ஒண்ணும் வராது, வயிறு தட்டினா மத்தளம் மாதிரி சத்தம் வரும். மணிக் கணக்குல உயிர் போயிடும். இரைப்பைய வலது பக்க வயித்துச் சுவரோட தச்சு வெச்சுட்டா, காத்து அடைச்சாலும் முறுக்கிக்கறது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஏற்கனவே வயித்தத் திறக்கறப்ப கூட கொஞ்ச நேரம்தான்.

கேள்வி: 12 வயசு பக் (தட்டை மூக்கு நாய்). பல்லும் மோசம், மார்ல ஒரு கட்டியும் இருக்கு. வயசுக்கு மயக்கம் தாங்குமா? முந்தின நாள் ராத்திரியே பட்டினி போடணுமா?

பதில்: வயசு கூடக் கூட ரிஸ்க் கூடத்தான் செய்யும், ஆனா வயச மட்டும் வெச்சு வேணாம்னு சொல்ல மாட்டேன், கிட்னி, ஈரல், ரத்த அளவு, நெஞ்சு எக்ஸ்ரே பாத்துட்டுச் சொல்வேன். பக்குக்கு எனக்கு பயம் வேற இடத்துல. மூக்குத் துவாரம் குறுகல், உள்நாக்குப் பக்கம் சதை நீளம், தூங்கப் போறப்ப விட எழுந்திருக்கறப்பதான் மூச்சு அடைக்கும். அதனால தொண்டைல இருக்குற டியூப சீக்கிரம் உருவ மாட்டோம், அது தலையத் தூக்கி டியூப மென்னு துப்பற வரைக்கும் ஒரு ஆள் பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க. உங்க ஆஸ்பத்திரில எழுந்திருக்கறப்ப கூட யார் இருப்பாங்கன்னு தயங்காம கேளுங்க.

பட்டினி வளந்த நாய்க்கு 6லேருந்து 8 மணி நேரம் போதும், தண்ணி காலை வரைக்கும் இருக்கலாம். சின்னக் குட்டிங்களுக்கு 2, 4 மணி நேரத்துக்கு மேல வேணாம், சர்க்கரை இறங்கிடும். பக் மாதிரி மூக்குக்கும், சர்க்கரை வியாதிக்கும் டாக்டர் சொல்ற நேரம்தான்.

கேள்வி: குட்டிக்கு கண் ஓரத்துல சிவப்பா ஒரு உருண்டை வந்துருக்கு. வெட்டி எடுத்துடலாமா?

பதில்: அது செர்ரி ஐ, மூணாவது இமையோட கண்ணீர்ச் சுரப்பி வெளிய வந்துருக்கு. வெட்டாதீங்க, கண்ணீர்ல கணிசமான பங்கு அதுலேருந்துதான் வருது, எடுத்தா பின்னாடி கண் வறண்டு காலம் பூரா சொட்டு மருந்துன்னு ஆகிடலாம். சின்னப் பை மாதிரி தச்சு உள்ள வெக்கச் சொல்லுங்க. ராத்திரியே ஓட வேண்டியதில்ல, ஆனா மாசக்கணக்குல விட்டா வீங்கி உள்ள போகாது.

கேள்வி: பையனுக்கு கருத்தடை ஆபரேஷன் பண்ணி 10 நாள், தையலும் பிரிச்சாச்சு. வீட்ல இருக்குற பொண்ணு இப்ப ஹீட்ல இருக்கா. இனிமே ஒண்ணா விடலாம்ல?

பதில்: விடாதீங்க! குழாய்ல ஏற்கனவே தேங்குன விந்து இன்னும் இருக்கும், 4லேருந்து 6 வாரம் பிரிச்சே வைங்க. நடுவுல ஒரு கதவு போதாது, ரெண்டு கதவு வைங்க.