விலை ஏறுமுன் வாங்கிவிடலாமா? கைத்துப்பாக்கியும் 27% கார்டு வட்டியும்

கேள்வி: டெக்சாஸில் டாலஸ் அருகே குடும்பத்துடன் இருக்கிறேன். வயது 38, கிரீன் கார்டு உண்டு. பிள்ளைகளுக்கு 10, 6 வயது. வீட்டுப் பாதுகாப்புக்காகப் போன வருடம் புது க்ளாக் 19 பிஸ்டல் வாங்கினேன். விலை ஏறிக்கொண்டே போகிறது என்று மச்சினன் சொல்லச் சொல்ல, அடுத்து ஒரு சிக் பி365 பிஸ்டல், பிறகு பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686 ரிவால்வர் என்று சேர்ந்துவிட்டது. கூடவே ரெட் டாட் என்ற குறிபார்க்கும் கண்ணாடி, உறை, பெட்டி பெட்டியாகத் தோட்டா. எல்லாம் கடையின் கிரெடிட் கார்டில். பாக்கி 4,600 டாலர், வட்டி 27%. மாதம் 150 கட்டியும் பாக்கி இறங்கமாட்டேன் என்கிறது. இப்போது கோல்ட் பைத்தான் ரிவால்வரை 1,500 டாலருக்கு, 12 மாதம் வட்டியில்லாமல் தருகிறார்கள். பத்து வருடத்தில் இரட்டிப்பாகும் என்கிறான் மச்சினன். வாங்கலாமா? இனி வாங்குவதென்றால் புதிதா, பழையதா? மனைவிக்கு இந்தப் பாக்கி விஷயம் தெரியாது. இன்னொன்று, மச்சினன் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறான். அவனுக்கும் ஒன்று என் பேரில் வாங்கித் தரச் சொல்கிறான். பணத்தை உடனே ஸெல் வழியாக என் வங்கிக் கணக்கில் போட்டுவிடுவானாம். செய்யலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் பணத்தோடு போகும், இது உங்கள் கிரீன் கார்டோடு போகும். செய்யக் கூடாது. இது பினாமி கொள்முதல். கடையில் நீங்கள் நிரப்பும் 4473 படிவம், இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று நேரடியாகக் கேட்கிறது. மச்சினர் பணத்தில் அவருக்காக வாங்கிக்கொண்டு 'ஆம்' என்று எழுதினால் அது கூட்டாட்சிக் குற்றம். 2022-ல் வந்த சட்டப்படி, தகுதியில்லாதவருக்காகப் பினாமியாக வாங்கினால் 15 ஆண்டு வரை சிறை. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டுக்காரரை நாடு கடத்தவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அவர் அனுப்பும் ஸெல் பணமே அரசுத் தரப்புக்குச் சாட்சி ஆகிவிடும்.

'சொந்தக்காரனுக்குத்தானே' என்ற வாதம் எடுபடாது. 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த அப்ராம்ஸ்கி வழக்கு ஏறக்குறைய உங்கள் கதைதான். வர்ஜீனியாவில் முன்னாள் போலீஸ்காரர் ஒருவர், போலீஸ் தள்ளுபடி கிடைக்கிறதே என்று, தன் மாமாவுக்காக ஒரு க்ளாக் 19 வாங்கினார். மாமா 400 டாலருக்குக் காசோலை அனுப்பியிருந்தார். அந்த மாமாவோ சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவர். அப்படியும் குற்றம் குற்றமே என்றது நீதிமன்றம். உங்கள் மச்சினருக்கு அந்தத் தகுதியே பொதுவாகக் கிடையாது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. விலக்கு தனக்குப் பொருந்தும் என்றால் அவர் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு, சொந்தப் பேரில், சொந்தக் கையெழுத்தில் வாங்கட்டும். உங்களிடம் இருப்பதில் ஒன்றை அவருக்கு விற்பதும், 'கொஞ்ச நாள் வைத்துக்கொள்' என்று கொடுப்பதும் இதே குழிதான்.

இனி பணத்துக்கு வருவோம். உங்களைக் கடிப்பது துப்பாக்கி விலை அல்ல. 'ஏறுமுன் வாங்கிவிடு' என்று ஒருவர் சொன்னதும் கார்டை நீட்டுகிற பழக்கம்தான்.

கணக்கு இதுதான். 4,600 டாலருக்கு 27% என்றால் மாத வட்டி மட்டும் சுமார் 103 டாலர். நீங்கள் கட்டும் 150-ல் அசலுக்குப் போவது 47. இதே வேகத்தில் போனால், இனி ஒரு டாலர்கூடத் தேய்க்காவிட்டாலும், கடன் தீர ஏறக்குறைய 53 மாதம் ஆகும். வட்டியாக மட்டும் சுமார் 3,300 டாலர் போகும். அந்தப் பணத்தில் இன்னும் ஐந்து க்ளாக் வாங்கலாம்.

விலை ஏற்றத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 580 டாலர் துப்பாக்கி ஒரு வருடத்தில் 10% ஏறினால் கூடுதல் செலவு 58 டாலர். அதே 580-ஐ 27% கார்டில் ஒரு வருடம் கிடக்கவிட்டால் வட்டி 156 டாலர். விலை வருடத்துக்கு 27% ஏறினால்தான் உங்கள் அவசரத்துக்கு நியாயம் கிடைக்கும். சாதாரணத் தொழிற்சாலைப் பிஸ்டல் எதுவும் வருடா வருடம் அப்படி ஏறுவதில்லை.

விலை ஏறவில்லை என்று சொல்ல வரவில்லை. கைத்துப்பாக்கி மீது 10% கூட்டாட்சி ஆயத்தீர்வை எப்போதும் உண்டு. தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ கட்டுவதால் அது ரசீதில் தெரியாமல் விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதற்கு மேல் 2025-ல் எஃகு, அலுமினியத்துக்கும், ஐரோப்பா, பிரேசில் சரக்குக்கும் இறக்குமதி வரி கூடியது. ஆஸ்திரியாவின் க்ளாக், பிரேசிலின் டாரஸ் இரண்டுக்கும் ஜார்ஜியா மாநிலத்தில் ஆலை உண்டு என்றாலும் பாதிப்பு இல்லாமல் போகாது. கலிஃபோர்னியா 2024 ஜூலையிலிருந்து 11%, கொலராடோ 2025 ஏப்ரலிலிருந்து 6.5% தனி வரி போடுகின்றன. டெக்சாஸில் அப்படி இல்லை, வழக்கமான விற்பனை வரி மட்டும்தான்.

ஆனால் இந்தச் சந்தையில் பயத்தால் ஏறிய விலை பயம் தணிந்ததும் இறங்கியிருக்கிறது. 2013-லும் அதுதான் நடந்தது, 2020-லும் அதுதான். கொரோனாவுக்கு முன் 20 சென்ட்டுக்குள் கிடைத்த 9 எம்எம் பயிற்சித் தோட்டா, பதுக்கல் உச்சத்தில் 60, 70 சென்ட்டைத் தாண்டியது. சில வருடங்களில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அன்று பெட்டி பெட்டியாகக் கடனில் வாங்கி வைத்தவர்கள் தோட்டா விலையையும் இழந்தார்கள், வட்டியையும் கட்டினார்கள்.

பைத்தான் 'முதலீடு' பற்றி. 1955-ல் வந்து, 2000-களின் நடுவில் உற்பத்தி நின்றுபோன பழைய பைத்தானுக்குச் சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்தது உண்மை. காரணம், அது மேற்கொண்டு வரவில்லை. 2020 ஜனவரியில் கோல்ட் நிறுவனம் 1,499 டாலர் பட்டியல் விலையில் புதுப் பைத்தானைக் கொண்டுவந்தது. உங்களுக்குக் கடை காட்டுவது ஆலையிலிருந்து வந்துகொண்டே இருக்கும் அந்தப் புதுச் சரக்கு. பெட்டியைப் பிரித்து இரண்டு பெட்டி தோட்டா சுட்டதும் அது பழைய சாமான் விலைக்கு வந்துவிடும்.

'12 மாதம் வட்டியில்லை' என்பதன் பொடி எழுத்தையும் படியுங்கள். கடை கார்டுகளில் பெரும்பாலும் அது தள்ளிவைக்கப்பட்ட வட்டி, தள்ளுபடியான வட்டி அல்ல. மாதம் 100 வீதம் கட்டினால் 12-ஆம் மாத முடிவில் 300 டாலர் மிச்சம் நிற்கும். அப்போது அந்த 300-க்கு மட்டுமல்ல, முதல் நாளிலிருந்து இருந்த பாக்கி முழுவதற்கும் சேர்த்து வட்டி விழும். 30% கார்டில் அது சுமார் 280 டாலர். மாதம் 125 கட்டி ஒரு நாள்கூடத் தவறாமல் முடிக்க முடிந்தவர், அதே 125-ஐ ஒரு வருடம் சேமித்து ரொக்கத்தில் வாங்கலாமே!

இப்போது செய்ய வேண்டியது. கார்டைப் பூட்டி வையுங்கள். 686-ஐ விற்றுவிடுங்கள். பழைய 686 கடையில் 750 டாலருக்கு நிற்கிறது என்றால், அதே கடை உங்களுக்குக் கொடுப்பது 400 முதல் 450. விற்றுத் தரச் சொல்லிக் கமிஷனுக்கு வைத்தால் 15 முதல் 20 சதவீதம் பிடித்துக்கொண்டு 600 அளவில் தருவார்கள், சில வாரம் ஆகும். காத்திருங்கள், 150 டாலர் சும்மா வருவதல்ல. டெக்சாஸில் தனியாருக்கு நேரடியாக விற்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் உரிமம் பெற்ற கடை வழியாகவே மாற்றிக்கொடுங்கள். 20 முதல் 50 டாலர் கட்டணத்தில் பின்னணிச் சோதனை முடிந்துவிடும், யாருக்குப் போனது என்ற காகிதமும் உங்களிடம் இருக்கும்.

அந்த 600 போக பாக்கி 4,000. மாதம் 400 கட்டினால் ஒரு வருடத்துக்குள் தீர்ந்துவிடும், மொத்த வட்டியும் 600 டாலருக்குள் நின்றுவிடும். 400-க்கு வழி தெரியவில்லை என்றால் இன்றிரவே மனைவியிடம் சொல்லுங்கள். எப்படியும் சொல்லத்தான் வேண்டும். மறைத்த கடனுக்குத் தவணையைக் கூட்ட முடியாது, கூட்டினால் தெரிந்துவிடும் என்ற பயத்திலேயே 150-ல் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மச்சினரிடம் 'முடியாது' என்று சொல்லவும் மனைவியின் துணை வேண்டும்.

புதிதா, பழையதா என்று கேட்டீர்கள். கடன் தீர்ந்தபின் ஒன்றை மாற்ற நினைத்தால் பார்த்துக்கொள்ளலாம். ஒட்டிய விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 540 டாலர் புதுப் பிஸ்டலுக்கு 8.25% வரி 45, இணையத்தில் வாங்கினால் கடை வழியாக மாற்றித் தரும் கட்டணம் 30, நல்ல பூட்டுப்பெட்டி 150, பயிற்சிக்கு 500 தோட்டா 125, ஒரு நாள் வகுப்பு 150. ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

பழையதில் மலிவாகக் கண்ணில் படுவது போலீஸ் துறைகள் கழித்த, .40 தோட்டா போடும் க்ளாக் 22. எஃப்பிஐ .40 தோட்டாவை விட்டு 9 எம்எம்-க்குத் திரும்பியபின் பல துறைகள் அதே வழியில் போனதால் இவை சந்தையில் குவிந்தன. 330 டாலருக்குக் கிடைத்தால் புதுசைவிட 210 மிச்சம். ஆனால் .40 தோட்டா, 9 எம்எம்-ஐவிட ஒன்றுக்கு 12 சென்ட் அளவு கூடுதல். 1,750 தோட்டா சுடுவதற்குள் மிச்சம் கரைந்துவிடும். சுடாமல் பெட்டியில் வைப்பவருக்கு இது லாபம். பயிற்சி எடுப்பவருக்கு 9 எம்எம் பழையதே நல்லது.

பழையதைக் கையில் எடுத்ததும் தோட்டா அடைக்கும் மேகசினைக் கழற்றி, மேலே நகரும் பகுதியான ஸ்லைடை இழுத்து, காலி என்று கண்ணாலும் விரலாலும் இருமுறை பாருங்கள். பிறகு பேரல் என்ற குழலுக்குள் விளக்கு காட்டுங்கள். உள்ளே ஒரு இடத்தில் கறுத்த வளையம் தெரிந்தால், தோட்டா சிக்கியிருந்தபோது அடுத்ததைச் சுட்டுக் குழல் புடைத்திருக்கிறது என்று பொருள். அதை எந்த விலைக்கும் தொடாதீர்கள். காலித் துப்பாக்கியின் முனையை மேல்நோக்கிப் பிடித்து, ஸ்லைடை அரை அங்குலம் இழுத்து மெதுவாக விடுங்கள். தானாக முழுதும் மூடாவிட்டால், ஸ்லைடைத் திருப்பித் தள்ளும் ரிகாயில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அது சில டாலர் சாமான், விலை பேசிக் குறைக்க உதவும். போலீஸ் துப்பாக்கியில் இருட்டில் மின்னும் ட்ரிடியம் குறி இருந்தால் ஆண்டு பாருங்கள். 12 ஆண்டில் அதன் வெளிச்சம் பாதியாகும், மாற்ற 100 டாலர் வரை ஆகலாம். சிக் பி320 என்றால், 2017 ஆகஸ்டில் நிறுவனம் அறிவித்த இலவச மேம்பாடு செய்யப்பட்டதா என்று வரிசை எண்ணை வைத்துக் கேளுங்கள்.

ரிவால்வருக்குச் சோதனை வேறு. கடைக்காரர் அனுமதியோடு, காலி ரிவால்வரின் பின்னால் இருக்கும் சுத்தியலான ஹாமரை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹாமர் முழுதும் ஏறி நிற்பதற்குள், தோட்டா அறைகள் உள்ள சிலிண்டர் 'டிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள், ஐந்து சரியாக இருந்து ஒன்று பிந்துவது சகஜம். சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டினால் அசைவு தெரியக் கூடாது. பேரலுக்கும் சிலிண்டருக்கும் இடையே 0.006 அங்குலத் தகடு நுழைந்தால் நல்ல நிலை, 0.010 தாராளமாக நுழைந்தால் விட்டுவிடுங்கள். வரிசை எண் சுரண்டப்பட்ட துப்பாக்கி எதுவானாலும் வைத்திருப்பதே குற்றம்.

வீட்டில் இருக்கும் இரண்டையும் இன்றே பூட்டுப்பெட்டிக்குள் வையுங்கள், விற்கும்வரை ரிவால்வரையும். 17 வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வைத்து, அது அவர் கைக்குக் கிடைத்துவிட்டால் டெக்சாஸில் தண்டனைக்குரியது, உங்கள் வீட்டில் இருப்பவர்களோ 10, 6 வயதுக் குழந்தைகள். மாதம் 30, 40 டாலர் வாங்கும், சட்டச் செலவுக்கான தற்காப்பு உறுப்பினர் திட்டம் எதையும் கடை ஒட்டி விற்றால் இப்போது வேண்டாம், அந்தப் பணமும் கார்டுக்கே போகட்டும். வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, துப்பாக்கித் திருட்டுக்கு எவ்வளவு வரம்பு என்று பாருங்கள். மொத்தமும் சேர்த்து 2,500 டாலர் என்று இருப்பது வழக்கம். வரிசை எண்களைப் படமெடுத்து ரசீதுகளோடு வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள்.