பாலத்தில் வழுக்கும் கிராஷ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் மகனின் பிறந்தநாளுக்கு, கிராஷ் பாண்டிகூட் வீடியோ கேம்கள் மூன்றையும் சேர்த்துப் புதுப்பித்து வந்த தொகுப்பை வாங்கிக் கொடுத்தேன். பள்ளிக் காலத்தில் எங்கள் தெருமுனை கேம் கடையில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து நான் ஆடித் தீர்த்த ஆட்டம் அது. இப்போது படம் அவ்வளவு அழகு, கிராஷின் உடம்பில் இருக்கும் ரோமம்கூடத் தெரிகிறது. ஆனால் முதல் ஆட்டத்தில் வரும் மரப்பால ஸ்டேஜில் விழுந்துகொண்டே இருக்கிறேன். பலகையின் ஓரத்தில் கால் பட்டாலே வழுக்கி விடுகிறது. "அப்பாவுக்கு வயசாயிடுச்சு" என்கிறான் மகன். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. என் கை போய்விட்டதா, இல்லை ஆட்டத்தில் ஏதாவது மாறியிருக்கிறதா? இந்த மாதிரித் தொகுப்புகளைக் காசு போட்டு வாங்கலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கை எங்கேயும் போகவில்லை. ஆட்டம்தான் மாறியிருக்கிறது. மகனிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

அந்த மூன்று ஆட்டங்களும் 1996, 1997, 1998 என்று வருடத்துக்கு ஒன்றாக வந்தவை. செய்தது நாட்டி டாக். 2017இல் வந்த தொகுப்பைச் செய்தது விகேரியஸ் விஷன்ஸ் என்ற வேறு நிறுவனம். பழைய ஆட்டத்தை அப்படியே எடுத்து அதன்மேல் புதுப் படத்தைப் போர்த்தியிருக்கிறார்கள் என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது அதுவல்ல. பழைய ஸ்டேஜ்களின் வடிவங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. மற்றதையெல்லாம் புதிதாக எழுதினார்கள். எழுதும்போது ஜம்ப்புக்கு மூன்றாவது ஆட்டத்தை அளவாக வைத்துக்கொண்டு, அதையே மூன்றுக்கும் போட்டார்கள். உச்சிக்குப் போய்விட்டு இறங்கும்போது இப்போது கிராஷ் முன்பைவிட வேகமாக விழுகிறான்.

வழுக்கலுக்குக் காரணம் வேறு. கிராஷின் உடம்பைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூடு உண்டு. தரையைத் தொட்டானா இல்லையா என்று ஆட்டம் கணக்குப் பார்ப்பது அதை வைத்துத்தான். புதியதில் அந்தக் கூடு கேப்ஸ்யூல் மாத்திரை மாதிரி, அடிப்பக்கம் உருண்டையாக இருக்கிறது. உருண்டை ஓரத்தில் பட்டால் உருளத்தானே செய்யும்? ஆட்டம் வெளிவந்த கொஞ்ச நாளிலேயே உலகம் முழுக்க இந்தப் புகார் கிளம்பியது. வெளியிட்ட நிறுவனமே வெளிப்படையாக விளக்கமும் சொன்னது. ஆக, பாலத்தின் இடைவெளி 1996இன் இடைவெளி, தாவுகிற கால் 2017இன் கால். நீங்கள் விழுவது அந்த இரண்டுக்கும் நடுவில்.

2024இல் உலகக் கோப்பை கேரமில் வீராங்கனை காசிமா 3 தங்கம் வாங்கி வந்தது நம் புதுவண்ணாரப்பேட்டைக்குத்தான். அதனால் கேரமை வைத்தே சொல்கிறேன். நீங்கள் பத்து வருடம் ஆடிய போர்டை ஒருவர் எடுத்துப்போய் பாலீஷ் போட்டு, கோடெல்லாம் புதிதாக வரைந்து கொண்டுவந்து வைக்கிறார். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் சுற்றுச் சட்டத்தை வேறு மரத்தில் போட்டுவிட்டார். கட்டையில் மோதித் திரும்பி வரவேண்டிய காய், குழிக்கு ஒரு விரல்கடை தள்ளிப் போகிறது. அப்போது கையைக் குறை சொல்வோமா? அதே போர்டில் புதிதாகப் பழகும் பையனுக்கு ஒன்றுமே தோன்றாது, அவன் கணக்கு அங்கேயே தொடங்குகிறது. உங்கள் மகன் விழாமல் போவதும் அதனால்தான்.

தாவி ஆடும் ஆட்டங்களுக்கு ஜம்ப்தான் எல்லாம் என்று நான் கற்றுக்கொண்டது வண்ணாரப்பேட்டையில், ஒரு கறுப்பு வெள்ளை டிவி முன்னால். பர்மா பஜாரிலிருந்து மாமா ஒரு டிவி கேமும், '64 இன் 1' என்று எழுதிய ஒரு கேசட்டும் வாங்கி வந்தார். அதில் இருந்த 1985ஆம் வருடத்து சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழு ஆட்டமும் 40 கிலோபைட்தான். காலையில் வாட்ஸ்அப்பில் வரும் வணக்கம் படம்கூட அதைவிடப் பெரியது. இடம் போதாமல், தரையில் இருக்கும் புதருக்கும் வானத்து மேகத்துக்கும் ஒரே உருவத்தை வைத்து நிறத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். எங்கள் டிவியில் நிறமே கிடையாது என்பதால், மேகம்தான் கீழே உட்கார்ந்திருக்கிறது என்று முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டோம். ஆனால் ஆட்டத்தில் எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பட்டனை லேசாகத் தொட்டால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் பெரிய தாவல். ஓடிவந்து தாவினால் இன்னும் தூரம் போகலாம், காற்றில் இருக்கும்போதே கொஞ்சம் பின்னால் இழுக்கலாம். ஒவ்வொரு பள்ளமும் இந்தத் தாவலுக்கு அளவெடுத்து வெட்டியது. நிறத்தை எடுத்துவிட்டாலும் அது நிற்கும். தாவலை எடுத்துவிட்டால் நிற்காது.

மாரியோவைச் செய்த நிண்டெண்டோவுக்கே இது தவறியிருக்கிறது. 1993இல் அந்த நிறுவனம் தன் பழைய மாரியோ ஆட்டங்களைப் புதுப் படங்களோடு சூப்பர் மாரியோ ஆல்ஸ்டார்ஸ் என்று தொகுத்தது. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியைக் கொடுத்தார்கள், அது பெரிய உபகாரம். ஆனால் பழைய ஆட்டத்தில் தலையால் செங்கல்லை உடைத்தால் மாரியோ உடனே கீழே திரும்புவான். இதில் உடைத்துக்கொண்டு மேலேயே போகிறான். கேட்பதற்கு அற்பமாக இருக்கும். விரலில் அந்த ஆட்டம் ஏறியவர்களுக்கு முதல் ஸ்டேஜிலேயே உறுத்தும்.

சரி, நன்றாகச் செய்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். என் மனதுக்கு நெருக்கமானது 2017இல் லிசார்ட்கியூப் வெளியிட்ட வொண்டர் பாய்: தி டிராகன்ஸ் டிராப். மூலம் 1989இல் வந்த சேகா நிறுவனத்தின் ஆட்டம். அதன் உள்கணக்கை அப்படியே வெளியே எடுத்து, அதன்மேல் கையால் வரைந்த படங்களை வைத்தார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பட்டனை அழுத்தினால் 1989இன் படம் வருகிறது. இன்னொரு தடவை அழுத்தினால் புதியது. இசையையும் அப்படியே மாற்றலாம். எந்தப் படத்தில் ஆடினாலும் தாவல் ஒன்றுதான். 2024இல் வந்த டூம் ரைடர் முதல் மூன்று ஆட்டங்களின் தொகுப்பிலும் இதே ஏற்பாடு உண்டு. 'நாங்கள் மாற்றியது இது, பழையது இதோ' என்று பக்கத்திலேயே எடுத்துக் காட்டுகிறவர்களை நான் முழுசாக நம்புகிறேன். கிராஷ் தொகுப்பில் பழையது இல்லை என்பதுதான் என் வருத்தம். மற்றபடி அதைச் செய்தவர்களின் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ரொம்பக் கஷ்டம் என்று 1996இல் விட்டுவிட்ட ஒரு ஸ்டேஜைத் தேடி எடுத்துச் சேர்த்தார்கள்.

வாங்கலாமா என்று கேட்டீர்கள். பழைய படம், பழைய தாவல் இரண்டும் உள்ளே இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். ஏனென்றால் இவை எத்தனை நாள் கடையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. சூப்பர் மாரியோ 3டி ஆல்ஸ்டார்ஸ் 2020 செப்டம்பர் 18இல் வந்தது. 2021 மார்ச் 31க்குப் பிறகு விற்க மாட்டோம் என்று முதலிலேயே அறிவித்து, அப்படியே நிறுத்திவிட்டார்கள். 2022இல் சோனிக் ஆரிஜின்ஸ் வருவதற்கு முந்தைய மாதம், பழைய சோனிக் ஆட்டங்களைத் தனித்தனியாக விற்றதைப் பெரும்பாலான இணையக் கடைகளிலிருந்து சேகா எடுத்துவிட்டது. புதிய தொகுப்பின் மூன்றாவது சோனிக்கில் சில ஸ்டேஜ்களின் பழைய இசை இல்லை. இதையெல்லாம் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. ஒரு புதுப்பதிப்பு வருகிறது என்பதற்காக மூலத்தை அலமாரியிலிருந்து எடுப்பது அநியாயம்.

அப்புறம் உங்கள் பாலம். முதலில் டிவியின் செட்டிங்ஸில் கேம் மோட் இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய டிவிகள் படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்காகக் கொஞ்சம் தாமதிக்கும், பட்டனை அழுத்தியதும் தாவல் வராத மாதிரி இருக்கும். கேம் மோட் போட்டால் அது குறையும். தாவும்போது பழைய பழக்கத்தில் பலகையின் கடைசி நுனிவரை போகாதீர்கள், அரை அடி முன்னாலேயே கிளம்பி அடுத்த பலகையின் நடுவில் இறங்குங்கள். அதுவும் சரிவரவில்லை என்றால், பாலத்தின் பக்கவாட்டுக் கயிறு ஞாபகம் இருக்கிறதா? அதன்மேல் ஏறி நடந்தே போகலாம். 1996இல் முடிந்தது, இந்தத் தொகுப்பிலும் முடிகிறது. மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஏறுங்கள்.

அன்புடன்,
அண்ணன்