பேப்பரில் கிடக்கும் ஊர்

அன்புள்ள ஐயா,

மேலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என் சொந்த ஊர். மதுரையில் சிவில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறேன். அடுத்து எம்.பிளான் சேர்ந்து நகர்ப்புறத் திட்டமிடலோ சுற்றுச்சூழல் திட்டமிடலோ படிக்கலாம் என்று இருக்கிறேன். டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து எங்கள் பக்கம் நடந்த போராட்டத்தில் நின்றபோது வந்த ஆசை இது. வீட்டில் ஒருவருக்கும் இது என்ன படிப்பு என்று புரியவில்லை. தாய்மாமா மனை போட்டு விற்பவர். "பிளானெல்லாம் பேப்பர்ல கிடக்கும் மாப்ள, ஊரைக் கட்டுறது நாங்கதான்" என்கிறார். ரிங் ரோட்டுப் பக்கம் போய்ப் பார்த்தால் அவர் சொல்வது சரிதானோ என்று எனக்கும் தோன்றுகிறது. யாரும் மதிக்காத ஒரு விஷயத்தை இரண்டு வருஷம் செலவழித்துப் படிக்க வேண்டுமா? பிளஸ் டூ படிக்கும் தங்கையும் நேரடியாக இதில் சேர முடியுமா என்று கேட்கிறாள்.

ம., மேலூர்

அன்புள்ள ம.,

உங்கள் மாமா அடுத்த தடவை நிலம் பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அவர் எதையெல்லாம் பார்க்கிறார் என்று கவனியுங்கள். பட்டா, வில்லங்கச் சான்று இரண்டும் எல்லோரும் பார்ப்பவை. அவர் அதோடு நிற்க மாட்டார். எந்த நிலம் எதற்கு என்று அரசு வகுத்து வைத்திருக்கும் மாஸ்டர் பிளானில் அந்த சர்வே எண் குடியிருப்பில் வருகிறதா விவசாயத்தில் வருகிறதா, பக்கத்தில் உத்தேசச் சாலைக்குக் கோடு விழுந்திருக்கிறதா, விவசாயம் என்றால் நில உபயோக மாற்றம் வாங்க முடியுமா என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் பையில் கை வைப்பார். மாஸ்டர் பிளானை எழுத்தெண்ணிப் படிக்கும் கூட்டம் ஒன்று மதுரையில் உண்டென்றால் அது மனைத் தொழிலில் இருப்பவர்கள்தான். திட்டமிடல் படித்தவர்கள்கூட அவர்களுக்கு அடுத்துதான்.

ஆகவே யாரும் மதிக்காத விஷயம் என்று நீங்கள் எழுதியதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ல் வந்தது. அதன்படி போடப்படும் முழுமைத் திட்டத்தில், அதாவது மாஸ்டர் பிளானில், ஒரு வயல் எந்த உபயோகத்துக்கான நிறத்தில் இருக்கிறதோ அதை வைத்து அதன் விலை பல மடங்கு மாறுகிறது. 3000 சதுர மீட்டருக்கு மேல் லேஅவுட் போட்டால் சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தைப் பொது இடமாக ஒதுக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதே, அந்த மாதங்களில் தொழில் எப்படி இருந்தது என்று மாமாவிடம் கேட்டுப் பாருங்கள். பேப்பரில் கிடக்கிற ஒன்றுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? அந்தப் பேப்பரை ஒரு தரப்பு மட்டும் கருத்தாகப் படிக்கிறது. விவசாயி படிப்பதில்லை, வார்டு மெம்பர் படிப்பதில்லை, வெள்ளம் வந்த பிறகு டிவியில் பேசும் நம்மைப் போன்றவர்களும் படிப்பதில்லை. வரைவுத் திட்டத்தை வெளியிட்டு ஆட்சேபணை கேட்கிறார்கள். அப்போது யார் போகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மதுரையில் கண்மாய்கள் போனதற்கெல்லாம் ஆக்கிரமிப்பாளர்கள்தான் காரணம் என்று ஒரு கதை ஓடுகிறது. பாதிதான் உண்மை. 2004 ஜூலையில் திறக்கப்பட்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உலகனேரிக் கண்மாய்ப் பரப்பில் நிற்கிறது. அங்கே யாரும் ராத்திரியோடு ராத்திரியாகக் குடிசை போடவில்லை. அதிகாரிகள் உட்கார்ந்து, கோப்பு நகர்ந்து, கையெழுத்துப் போட்டுக் கட்டியது. ஏன் அப்படி நடக்கிறது? கண்மாய்த் தண்ணீரில் விளையும் ஆயக்கட்டு வயல்கள் முதலில் மனைகளாகின்றன. அப்புறம் மடை திறக்க ஆள் வருவதில்லை. பாசனம் இல்லாத கண்மாய், அலுவலகத்தின் கண்ணில் வெறும் அரசு நிலம். நகரத்துக்குப் பக்கத்தில், இழப்பீடு கொடுக்காமல், ஒரே துண்டாக அத்தனை ஏக்கர் வேறெங்கே கிடைக்கும்? பள்ளிக்கூடம் வேண்டும், பஸ் ஸ்டாண்ட் வேண்டும், அலுவலகம் வேண்டும் என்று வருகிற ஒவ்வொரு கோரிக்கைக்கும் அதுதான் முதல் பதில்.

ஆனால் கண்மாய்க்குப் பாசனம் மட்டும் வேலை இல்லை. மழை பெய்தால் மேலே இருந்து வருகிற தண்ணீர் அங்கே நின்று, நிறைந்ததும் மறுகால் வழியே வழிந்து, அடுத்த கண்மாய்க்குப் போய், கடைசியில் வைகையில் சேர வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி போனால் அதன் தண்ணீரையும் சேர்த்துக் கீழே இருப்பவன் தாங்க வேண்டும். 2024 அக்டோபர் கடைசியில் ஒரே மாலையில் கொட்டிய மழையில் செல்லூர் மிதந்ததே. செல்லூர்க் கண்மாயின் உபரி பந்தல்குடிக் கால்வாய் வழியாகத்தான் வைகைக்கு வர வேண்டும். இரு பக்கமும் வீடுகள் நெருக்கிய அந்தக் கால்வாயில் அவ்வளவு தண்ணீருக்கு வழி இல்லை.

இங்கேதான் உங்கள் சிவில் படிப்பும் நீங்கள் படிக்க நினைப்பதும் பிரிகின்றன. சிவில் இன்ஜினியரிடம் கேட்டால் கால்வாயின் கொள்ளளவைக் கணக்குப் போட்டு, அகலப்படுத்தி கான்கிரீட் சுவர் எழுப்புங்கள் என்பார். கணக்கு சரியாகவே இருக்கும். திட்டமிடல் படித்தவர், அகலப்படுத்தினால் கரையோரத்து வீடுகள் எங்கே போகும் என்று கேட்க வேண்டும். ராஜாக்கூர் மாதிரி ஊருக்கு வெளியே அடுக்குமாடி கட்டிக் கொடுத்தால் சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற பெண்கள் தினமும் பஸ்ஸுக்கு எவ்வளவு கொடுப்பார்கள்? மேலே இருக்கும் கண்மாய்களில் தண்ணீரைக் கொஞ்சம் நிறுத்தி வைத்தால் கீழே அவ்வளவு அகலம் தேவைப்படுமா? ஒரே சரியான விடை இருக்காது. யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்பதை மறைக்காமல் மேஜை மேல் வைப்பதுதான் வேலை. முடிவு வேறு யாரோ எடுப்பார்கள். இந்த ஒன்று உங்களுக்குப் பொறுக்காது என்றால் இந்தப் பக்கம் வராதீர்கள், வெந்து போவீர்கள்.

பாடங்களில் அதிக நேரத்தை விழுங்குவது ஸ்டூடியோ. ஒரு ஊரைக் கொடுத்து, போய்ப் பார்த்து, மக்களைக் கேட்டு, வரைபடம் போட்டு, திட்டம் வைக்கச் சொல்வார்கள். கூடவே மக்கள்தொகைக் கணிப்பு, போக்குவரத்து, வீட்டுவசதி, நிலப் பொருளாதாரம், சட்டம், கணினியில் வரைபடம் போடும் ஜிஐஎஸ் எல்லாம் உண்டு. சுற்றுச்சூழல் திட்டமிடலில் நீரியலும் 2006 அறிவிக்கையின்படியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் சேரும். முதலில் ஆய்வு, அப்புறம்தான் திட்டம் என்ற ஒழுங்கை இந்தத் துறைக்குப் பழக்கிய பாட்ரிக் கெட்டிஸ் அடிப்படையில் உயிரியல்காரர். 1914-15-ல் சென்னை மாகாணத்து ஊர்களை நடந்து பார்த்து அறிக்கை எழுதியவர். மண், சரிவு, நீர்ப்பிடிப்பு, பயிர், காடு, வீடு என்று ஒவ்வொன்றையும் தனி வரைபடமாக்கி ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்ப்பது சுற்றுச்சூழல் திட்டமிடலின் அரிச்சுவடி.

நீங்கள் போராடப் போன விஷயத்தையே இப்படிப் பாருங்கள். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அடுத்த இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், 20.16 சதுர கிலோமீட்டர் டங்ஸ்டன் சுரங்கப் பகுதி (பிளாக்) ஏலம் போனது. அந்தத் தலம் அந்த எல்லைக்குள்ளேயே இருந்தது. ஒரு அலுவலகத்தில் பாதுகாக்க வேண்டிய இடம், இன்னொரு அலுவலகத்தில் தோண்ட வேண்டிய இடம். ஊர் திரண்டு தெருவுக்கு வந்ததால் 2025 ஜனவரியில் ரத்தானது. திரள முடியாத ஊர்கள் எத்தனையோ இருக்கின்றன. ஏலத்துக்கு முன்பே பிளாக்கின் எல்லையைத் தலத்தின் வரைபடத்தோடு சேர்த்து வைத்து, "இங்கே எல்லையை வெட்டுங்கள்" என்று எழுத்தில் சொல்கிற ஆள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்கள் படிக்க நினைப்பது அந்த நாற்காலிக்கான படிப்பு.

அப்படி ஆள் போதுமான அளவு இருக்கிறதா? இல்லை. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் மாநில நகர் ஊரமைப்புத் துறைகளுக்கு 12,000-க்கும் மேற்பட்ட பணியிடங்கள் தேவை, அனுமதிக்கப்பட்டவை 4,000-க்கும் குறைவு, அதிலும் 42 சதவீதம் காலி என்றது. தேவை இருப்பதும் வேலை கிடைப்பதும் ஒன்றல்ல என்று உங்களுக்கே தெரியும். நகர் ஊரமைப்புத் துறை உதவி இயக்குநர் பதவிக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு வைக்கிறது, ஆனால் அதற்காக வருஷக்கணக்கில் காத்திருக்கலாம் என்று வீட்டில் உறுதி கொடுத்துவிடாதீர்கள். முதல் வேலை பெரும்பாலும் கன்சல்டன்சியில்தான் அமையும். ஆரம்பத்தில் அட்டவணை நிரப்புவதும் அடுத்தவர் திட்டத்துக்கு வரைபடம் வண்ணம் தீட்டுவதுமாகப் போகும். சலிப்பாக இருக்கும்.

சேர்க்கைக்கு உங்களுக்குச் சிக்கல் இல்லை. சிவில் பட்டதாரிகளை எம்.பிளானுக்கு எடுக்கிறார்கள், கேட் (GATE) தேர்வு மதிப்பெண் முக்கியம். டெல்லி, போபால், விஜயவாடா மூன்று இடங்களிலும் மத்திய அரசின் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளிகள் இருக்கின்றன. மூன்றிலும் சுற்றுச்சூழல் பிரிவு உண்டு. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்திலும் எம்.பிளான் இருக்கிறது. என்னைக் கேட்டால் வெளிமாநிலத்தில் படியுங்கள், ஆய்வுக் கட்டுரைக்கு மட்டும் மேலூரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியாறு தண்ணீர் கள்ளந்திரி வரை இருபோகத்துக்கும், அதற்குக் கீழே உங்கள் பக்கம் ஒருபோகத்துக்கும் என்று பிரிந்திருக்கிறதே, அந்த ஒரு கோடு உங்கள் வட்டாரத்தில் நில விலையை, மனை விற்பனையை, ஊரை விட்டுப் போகிறவர்களை எப்படியெல்லாம் தீர்மானிக்கிறது என்று தேடினாலே இரண்டு வருஷம் போதாது.

சேர்வதற்கு முன்பே ஒன்று செய்யலாம். உங்கள் கிராமத்து அ-பதிவேட்டையும் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) புலப்படங்களையும் எடுத்துக்கொண்டு ஊர்க் கண்மாயின் வரத்துக் கால்வாயிலிருந்து மறுகால் போய்ச் சேரும் அடுத்த கண்மாய் வரை நடங்கள். கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பிரித்துவிடும் நீர்ப்பாய்ச்சி யாராவது இன்னும் இருந்தால் அவரையும் கூட்டிப்போங்கள். பதிவேட்டில் ஓடை என்று இருக்கும் இடத்தில் நேரில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு சர்வே எண்ணாகக் குறியுங்கள். அதில் மாமா போட்ட லேஅவுட் ஏதாவது வந்தால் அதையும் மறைக்காமல் குறியுங்கள். வீட்டில் சத்தம் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கைக்கு: பிளஸ் டூ முடித்து நேரடியாகச் சேர்வதற்கு பி.பிளான் இருக்கிறது, நான்கு வருஷம். பிளஸ் டூவில் கணக்கு இருக்க வேண்டும். ஜேஇஇ மெயினில் 2பி என்ற தாள் இதற்கானது. பி.ஆர்க். தாளில் வருவது போல இதில் படம் வரையும் பகுதி கிடையாது, அதனால் வரையத் தெரியாதே என்று அவள் தயங்க வேண்டாம். விண்ணப்பிக்கும்போது அந்தத் தாளைத் தனியாகத் தேர்வு செய்ய வேண்டும். பி.இ.க்கான முதல் தாளை மட்டும் எழுதிவிட்டு வந்தால் அந்த மதிப்பெண் இதற்கு உதவாது.